சேற்றின் எடையும் அம்மாவின் பாலும்

எங்கள் ஊரைப் பொறுத்தவரை நான் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். மகளுக்கு மூணாறு பக்கம் ஒரு லேபில் வேலை என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். ஊர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி பஸ் போகிற வழியில் இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே உள்ளே நடந்தால் எங்கள் ஊர். லீவில் நான் போய்ச் சேர்ந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சர்க்கரை ரிப்போர்ட்டோடு வந்துவிடுவார்.

"இது எச்சா கம்மியான்னு பாத்துச் சொல்லு கண்ணு."

"பெரீம்மா, நானு ரத்தம் பாக்கறதில்லீங்க. மலையில ஓட்டை போடறப்ப உள்ள ஒரு சேறு உடுவாங்க. அது எத்தன கனம்னு அளக்கறனுங்க."

"சரி, அதையும் பாரு, இதையும் பாரு" என்று தாளை என் கையில் திணிப்பார். நானும் அதில் தடித்த எழுத்தில் இருப்பதைப் படித்துச் சொல்லி, டாக்டரிடம் போகச் சொல்வேன்.

உண்மையில் என் வேலை அதைவிட அழுக்கானது. மூணாறுக்குப் பக்கத்தில், சித்திரபுரத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து லேபாக மாற்றியிருந்தார்கள். சமையலறைதான் சோதனைக்கூடம். அடுப்புத் திண்டின் மேல் தராசு, அலமாரியில் மாவு டப்பாக்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் களிமண் பொடி டப்பாக்கள், பாத்திரம் கழுவும் தொட்டியில் எப்போதும் சேறு. மலைக்குள் சுரங்கம் போக முடியுமா என்று பார்க்க ஒரு கம்பெனி சரிவுகளில் துளை போட்டுக்கொண்டிருந்தது. மேலே இருக்கிற மண்ணும் உதிர் கல்லும் சரிந்து துளை மூடிக்கொள்ளாமல் இருக்க, பெண்டோனைட் என்கிற களிமண்ணைத் தண்ணீரில் கலக்கித் துளைக்குள் சுற்றவிடுவார்கள். சைட்டில் அதற்குப் பெயர் மட். அது லேசாகிப் போனால் துளையின் சுவர் இடிந்து, துளையிடுகிற ராடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கனத்துப் போனால் பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து மட் முழுவதும் மலைக்குள் காணாமல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் அதைப் பிடித்து வைப்பதற்காகத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை.

இன்னொருத்தி சூரியநெல்லிக்காரி. திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் நான் "ஏனுங்க்கா, இதை எங்கீங்க வெக்கறது?" என்று கேட்டதற்கு அவள் பீக்கரை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏ பிள்ள, நீ பேசுதது பாட்டு மாதிரில்லா இருக்கு. இன்னொரு தடவ சொல்லு."

அன்றிலிருந்து நாங்கள் கூட்டு. எங்களுக்கு மேலே ஒரு சார். கோட்டயம் பக்கத்து மலையாளி. காலையில் உள்ளே நுழைந்ததும் வணக்கத்துக்குப் பதிலாக "சாந்த்ரத எத்ரயா?" என்பார். அடர்த்தி எவ்வளவு என்று அர்த்தம். அவருக்குக் கோபம் வந்தாலும் அதே கேள்விதான், சந்தோஷம் வந்தாலும் அதே கேள்விதான்.

அளக்கிற கருவியின் பெயர் மட் பேலன்ஸ். முழங்கை நீளத்துக்கு ஒரு தண்டு, அதன் ஒரு முனையில் சின்னக் கிண்ணம், தண்டின் மேல் கோடுகள், கோடுகளின் மேல் நகர்கிற ஒரு எடை. கிண்ணத்தைச் சேற்றால் நிரப்பி மூடியை அழுத்தினால், மூடியின் நடுவில் இருக்கும் ஓட்டை வழியாக மிச்சச் சேறு பிதுங்கி வரும். அதை விரலால் அடைத்துக்கொண்டு வெளிப்பக்கத்தைக் கழுவித் துடைத்து, தண்டைத் தாங்கியின் மேல் வைக்க வேண்டும். பிறகு எடையை நகர்த்தி நகர்த்தி, நீர்மட்டக் குமிழ் நடுவில் வந்து நிற்கும்போது கோட்டைப் படிக்க வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் ஒன்று காட்டும். சேறு அதற்கு மேல். காய்கறிக் கடைத் தராசு மாதிரி ஆடுகிற அதை ஆடாமல் நிறுத்துவதில் எனக்கு ஒரு தனி இன்பம் இருந்தது. அக்காவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் துடைப்பாள், நான் படிப்பேன்.

போன மழைக்காலத்தில் எங்களுக்கும் சைட்டுக்கும் முட்டிக்கொண்டது. சூரியநெல்லிக்குப் போகிற வழியில் ஒரு சரிவில் துளை போய்க்கொண்டிருந்தது. துளை போடுகிற டிரில்லர் அங்கேயே ஒரு மட் பேலன்ஸ் வைத்து அளப்பார். அவர் அளந்தால் லேசாக இருக்கும். அதே மட்டை டப்பாவில் அடைத்து ஜீப்பில் அனுப்பி, சாயந்திரம் நாங்கள் அளந்தால் கனமாக இருக்கும். அவர் தன் கணக்கை நம்பி மேலும் மேலும் களிமண் பொடியைக் கொட்டினார். மட் பாறைக்குள் போய்க்கொண்டே இருந்தது. தொட்டி வற்றியது. மறுபடி கலக்கினார்கள். மறுபடி வற்றியது.

போனில் டிரில்லர் கத்தினார். "அங்க ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சு என்னத்தயா அளக்கீங்க? தராசு கெட்டுப் போயிருக்கும், மாத்துங்க."

சார் எங்களைப் பார்த்தார். "ரெண்டாளும் போ. தராசும் கொண்டு போ."

மழை விட்டிருந்தது. ஜீப்பின் பின் சீட்டில் மட் பேலன்ஸ் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் அக்கா டிரில்லரிடம் என்னென்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தாள். ஆனால் போய் இறங்கியதும் அவர் ஆளுக்கு ஒரு கறுப்பு டீ கொடுத்துவிட்டார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவது கஷ்டம்.

முதலில் இரண்டு தராசிலும் தண்ணீர் ஊற்றினோம். இரண்டும் ஒன்று காட்டின. ஆக, தராசு இரண்டுமே சரி. பிறகு தொட்டியிலிருந்து ஒரு மக் மட் எடுத்து இரண்டிலும் அளந்தோம். இரண்டும் ஒரே மாதிரி லேசாகவே காட்டின. டிரில்லர் எங்களைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார், அது போதும் என்பது போல. எனக்கு முகம் சுண்டிவிட்டது. அப்படியானால் லேபில் நாங்கள் அளந்ததெல்லாம் தப்பா?

டீயைக் குடித்து முடித்தோம். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், மக்கில் மிச்சம் இருந்த அதே மட்டைக் கிளறி மறுபடி ஒரு தடவை ஊற்றினேன். கிண்ணத்தின் பக்கவாட்டில் அக்கா பென்சிலால் தட்டிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய பழக்கம். லேபிலும் அப்படித்தான் தட்டுவாள். தட்டத் தட்ட மட்டின் மேல் ஊசிமுனை அளவுக்குக் குமிழிகள் வந்து உடைந்தன. கிண்ணத்தில் மட் இறங்கியது. மேலும் ஊற்றினேன். மறுபடி இறங்கியது. மூடியைப் போட்டுத் துடைத்துத் தண்டை வைத்தபோது எடையை நான்கைந்து கோடு தள்ளி நகர்த்த வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, இங்க வாங்க" என்றாள் அக்கா. "உங்க மட்டுல காத்து இருக்கு."

"காத்தா?"

"ஆப்ப மாவு மாதிரி பொங்கியிருக்கு. நீங்க காத்தச் சேத்து அளக்கீங்க. எங்களுக்கு வந்து சேருததுக்குள்ள காத்து பாதி போயிருது. மிச்சத்தத் தட்டி எடுத்துருதோம்."

அவர் நம்பவில்லை. நாங்கள் மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி வந்தோம். அந்தக் கோடியில், மட்டை உறிஞ்சுகிற குழாயின் வாய் பாதி வெளியே தெரிந்தது. தொட்டி வற்றியபோது மேலே வந்திருக்க வேண்டும். மட்டோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சி, குழந்தை ஸ்ட்ராவில் கடைசி ஜூஸ் குடிக்கிற சத்தத்தில் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தது. டிரில்லர் தலையில் கை வைத்தார். பிறகு குழாயை மிதித்து உள்ளே தள்ளினார். பொடியைக் கொட்டுவதை நிறுத்தி, இருந்த மட்டில் தண்ணீர் கலந்து இளக்கினார்கள். இரண்டு நாளில் தொட்டி வற்றுவது நின்றது. அடுத்த முறை ஜீப்பில் டப்பாவோடு ஒரு சீப்பு ரஸ்தாளியும் வந்தது.

இது நடந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் அம்மாவின் போன்.

எங்கள் வீட்டில் இரண்டு மாடுகள். அம்மா கறந்து பால் சொசைட்டிக்கு ஊற்றுவாள். முன்பெல்லாம் சொசைட்டி மெயின் ரோட்டில் இருந்தது, நடந்து போக வேண்டும். அந்த வருஷம் அது எங்கள் தெருவுக்கே மாறி வந்தது, நாலு வீடு தள்ளி. அம்மாவுக்கு ஒரே பெருமை. கறந்த சூட்டோடு, நுரை ததும்பத் தூக்கிக்கொண்டு போய் முதல் ஆளாக ஊற்றினாள். ஆனால் அங்கே பாலில் லேக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்கிற தம்பி, அம்மாவின் பாலில் டிகிரி குறைகிறது, தண்ணீர் கலந்த மாதிரி அடர்த்தி இல்லை என்று சொல்லத் தொடங்கினான்.

"நாலு பேரு முன்னால, 'அக்கா, இன்னிக்கும் பாலு தண்ணியாட்ட இருக்குது'ங்கறான் கண்ணு. நானு தண்ணி ஊத்தறவளா?"

"உடுங்கம்மா. தீவனத்த மாத்திப் பாருங்க."

"தீவனமெல்லா மாத்தியாச்சு. நானு அங்க வாறேன். உங்கப்பாவே கறக்கட்டும், அவரே ஊத்தட்டும்."

சொன்னபடியே ஒரு பையோடு பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி வந்து இறங்கிவிட்டாள். குளிருக்கு அப்பாவின் சால்வையையும் எடுத்து வந்திருந்தாள். வந்த மறுநாளே லேபுக்குக் கீழே மாடு வைத்திருக்கிற வீட்டில் பேச்சுத்துணை பிடித்துவிட்டாள். எங்கள் மட் பேலன்ஸைப் பார்த்தாள். நான் சேற்றை ஊற்றி, துடைத்து, படிப்பதைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்குத்தான் காலேஜ் அனுப்பிச்சமா" என்றாள். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மூன்றாவது நாள் காலையில் அப்பாவின் போன் வந்தது. குரலில் உற்சாகம்.

"அம்மாகிட்டச் சொல்லு கண்ணு. இன்னிக்கு நம்ம பாலு டிகிரி சரியா வந்திருக்குது. நேத்தும் சரிதான்."

நான் ஸ்பீக்கரில் போட்டிருக்கக் கூடாது. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சால்வை முனையால் கண்ணைத் துடைத்தாள்.

"இப்ப ஊரே என்ன சொல்லும்? அவ இருந்தா தண்ணி, அவ இல்லீனா பாலுன்னு சொல்லாதா?"

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே மாடுகள், அதே தீவனம், அதே சொசைட்டி. மாறினது ஆள் மட்டும்தான். அம்மா தண்ணீர் ஊற்றமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனால் கணக்கு அப்படி வரவில்லையே.

அக்காதான் போனை என் கையிலிருந்து வாங்கினாள். "அப்பா, நீங்க பால் கறந்தப்பறம் என்ன செய்வீக? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

அப்பா கூச்சத்தோடு சொன்னார். அவருக்குக் கறந்து பழக்கம் இல்லை, முதல் மாட்டுக்கே காலைப் பொழுதில் பாதி போய்விடுகிறது. கறந்த பாலைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிழலில் வைத்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போகிறார். பிறகு கை கால் கழுவி, சட்டை மாற்றி, ஒரு காப்பி குடித்துவிட்டு, கடைசி ஆளாகப் போய் ஊற்றுகிறார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"நொரை" என்றாள்.

"சூடும்" என்றேன் நான். சூடான பால் கொஞ்சம் விரிந்து லேசாக இருக்கும். கறந்த உடனே உள்ளே காற்றும் இருக்கும். இரண்டும் அடங்கினால்தான் சரியான அளவு. முன்பு மெயின் ரோடு வரைக்கும் நடந்ததில் அது தானாக அடங்கியிருக்கிறது.

அம்மாவுக்கு வாயால் சொன்னால் போதாது. அதனால் கீழ்வீட்டிலிருந்து அப்போதே கறந்த பாலை வாங்கிவரச் சொன்னோம். சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு அவளே போய், மூடி போட்ட தூக்கில் வாங்கி வந்தாள். எங்கள் மட் பேலன்ஸில் பாலின் வித்தியாசம் ஒரு கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். அது சேற்றுக்கான கருவி. ஆனால் மண் சோதனைக்கு ஒரு கண்ணாடி ஹைட்ரோமீட்டர் இருந்தது, கீழே குண்டு, மேலே கோடு போட்ட மெல்லிய குழாய். சொசைட்டித் தம்பி வைத்திருப்பதற்கு அண்ணன் மாதிரி. உயரமான கண்ணாடி ஜாடியை அக்கா சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அம்மா திருப்தியாகாமல் வாங்கி மறுபடி தேய்த்தாள்.

பாலை ஊற்றி ஹைட்ரோமீட்டரை விட்டேன். ஒரு முங்கு முங்கி, ஆடி, நின்றது. கோட்டைப் படித்தேன். சொசைட்டித் தம்பி சொன்ன மாதிரியே குறைவு.

"பாத்தியா, இந்தப் பாலும் தண்ணியா?" என்றாள் அம்மா, ஒரு நிமிஷம் சந்தோஷமாக. பிறகு, "பாவம், அந்த அம்மா தண்ணி ஊத்தியிருக்க மாட்டாங்க. என் கண்ணு முன்னாலதான் கறந்தாங்க."

"அதுக்குத்தாம்மா கொஞ்சம் இருங்க" என்றாள் அக்கா.

மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பாலின் மேல் இருந்த நுரை ஒவ்வொரு குமிழியாக உடைந்து கண்ணாடியில் வளையமாக ஒட்டியது. சித்திரபுரத்தின் குளிரில் பால் ஆறுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்தச் சமயத்தில் சார் உள்ளே வந்தார். ஜாடியில் வெள்ளையாக நிற்பதைக் குனிந்து பார்த்தார்.

"இது ஏது சைட்டிலே சாம்பிளா?"

எந்த சைட்டின் மட் என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் வழக்கப்படி, "சாந்த்ரத எத்ரயா?" என்றார்.

அம்மா எழுந்து நின்றாள். கிழக்குப் பாலக்காட்டுக்காரிக்கு மலையாளம் புரியாமல் இருக்காது. "ஆறட்டுங்க சார், அப்பறம் சொல்றமுங்க" என்றாள்.

அவர் அது பால் என்று தெரிந்துகொண்டு சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு தெர்மாமீட்டரை எடுத்து வந்து ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார், ஒரு நாற்காலியும் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான்கு பேரும் அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கண்ணாடிக் குழாய் கண்ணுக்குத் தெரியாமல் மேலே ஏறியிருந்தது. நான் படித்தேன். முதலில் பார்த்ததைவிடக் கூடுதல். நல்ல பாலுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. அம்மாவும் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோட்டைப் பார்த்தாள். எண் அவளுக்கு முக்கியமில்லை. முன்னால் பாலுக்குள் இருந்த கோடு இப்போது பாலுக்கு மேலே தெரிந்தது, அது போதும்.

"அப்ப நானு ஓடுனதுதான் தப்பா?"

"ஓடுனது தப்பில்லீங்கம்மா. அளக்கறவரு அவசரப்படாம இருந்திருக்கோணும்."

"அந்தத் தம்பிக்கு என்ன தெரியும், சின்னப் பையன்" என்றாள், அவன் மேல் இத்தனை நாள் இருந்த கோபத்தை ஒரே வாக்கியத்தில் இறக்கி வைத்துவிட்டு. சால்வையை மடித்துப் பைக்குள் போட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். அந்த ஜாடிப் பாலில் டீ போட எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. தெருநாய்க்கு ஊற்றினோம். அது எந்தச் சந்தேகமும் இல்லாமல் குடித்தது.

ஊருக்குப் போனதும் அம்மா சொசைட்டியில் என்ன செய்தாள் என்பதை அவள் போனில் சொல்லித்தான் கேட்டேன். கறந்த சூட்டோடு முதல் ஆளாகத்தான் போயிருக்கிறாள். தம்பி அளந்து, வழக்கம்போல உதட்டைப் பிதுக்கியிருக்கிறான். "சரி தம்பி, இதை இப்படியே வெச்சிரு. எல்லாரும் ஊத்தி முடிக்கட்டும், அப்பறம் ஒருக்கா பாரு" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வரிசையில் நின்றவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் அவன் மறுபடி அளந்தபோது எல்லாரும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவன் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் பார்த்திருக்கிறான். பிறகு, "மன்னிச்சுக்குங்கக்கா" என்றானாம்.

"அதோட உட்டானா? இப்ப பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாரையும் பால ஆற வெச்சுக் கொண்டாங்கங்கறான். நொரையோட வந்தா திருப்பி அனுப்பறான். எல்லாரும் என்னையத்தான் வைறாங்க கண்ணு, உன்னால எங்களுக்கும் லேட்டாகுதுன்னு."

திட்டுகிறார்கள் என்று சொல்கிற குரல் மாதிரியே இல்லை அது. இரண்டில் ஒரு மாட்டை இன்னமும் அப்பாதான் கறக்கிறாராம், அது இப்போது அவர் கறந்தால்தான் நிற்கிறதாம். அதையும் சொன்னாள். பிறகு பேச நேரமில்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

வெளியே ஜீப் வந்து நின்றது. புதுச் சரிவு ஒன்றில் துளை தொடங்கியிருந்தார்கள். அக்கா டப்பாவைத் திறந்து, மட்டைக் கிளறிக்கொண்டே மூக்கைச் சுளித்தாள். நான் தண்டைத் துடைத்து, முதலில் தண்ணீர் ஊற்றி ஒன்று வருகிறதா என்று பார்த்தேன். வந்தது.